அம்பாசிடரின் அடியில் ஒரு கோடு

பட்டறையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் என் கைபேசிக்குக் கார்களின் அடிவயிற்றுப் படங்கள் வருவது நிற்கவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கக் காரின் அடித்தகட்டில் கறுப்பாக, ரப்பர் மாதிரி பூசுவார்களே, அந்த அண்டர்பாடி கோட்டிங்தான் என் தொழில். திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையில் உள்ள ஒரு பட்டறையில் தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தேன். இப்போது அங்கே இருப்பவர்கள்தான் படம் அனுப்புகிறார்கள். “அண்ணே, அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல, உரிஞ்சு தொங்குது. எந்த டப்பா வாங்கினா நிக்கும்?” என்று கேட்பார்கள்.

டப்பாவைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. உரிந்த துண்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். பின்பக்கத்தில் செங்கல் பொடி மாதிரி ஒட்டியிருந்தால் துருவைச் சுரண்டாமல் அடித்திருக்கிறார்கள். விரல் வைத்தால் வழுக்கினால், எப்போதோ சர்வீஸ் ஸ்டேஷனில் அடித்த பழைய எண்ணெய் தகட்டு இடுக்குகளிலிருந்து வெயிலுக்குக் கசிந்திருக்கிறது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே இல்லை. சிறு சிறு குமிழ்களாக இருந்தால் கம்ப்ரசர் காற்றில் தண்ணீர், அல்லது முதல் கை காய்வதற்குள் அவசரப்பட்டு இரண்டாம் கை.

பழைய கார்களை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை இப்போது ஊரெங்கும் பரவியிருக்கிறது. ஒரே மத்தியானத்தில் கோட்டிங் அடித்து, உத்தரவாத அட்டையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். தகட்டைக் கண்ணால் பார்க்காமல் அதன்மேல் கறுப்பைப் பூசுவது எனக்கு இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பட்டறைக்காரர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் படித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி கழுவப் போனேன். ஒல்லியாக இருந்ததால் வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து, கண்ணில் தார் சொட்டச் சொட்டச் சில வருடம் சுரண்டினேன். பிறகு பிரஷ், அதற்குப் பிறகு கோட்டிங் பீய்ச்சும் ஸ்ப்ரே கன். அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி ராயப்பன். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதுகூட, வாசலில் நிற்கும் கார்களின் கதவு இடைவெளியை ஒரு கண்ணால் அளந்துகொண்டே வருவார். “வண்டி ஆக்சிடென்ட் ஆகலங்க” என்று யாராவது தானாக முன்வந்து சொன்னால், அந்த வண்டியை இரண்டு மடங்கு நேரம் பார்ப்பார். தகட்டை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையை வைத்து மறைத்த தகடு மரம் மாதிரி ஊமையாக இருக்கும். சட்டைப் பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் கிடக்கும்; பட்டியில் அது ஒட்டாது. எங்களையும் நம்ப மாட்டார். கோட்டிங் அடிப்பதற்கு முன் கன்னில் வெறும் காற்றை மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அடித்துக் காட்டச் சொல்வார். கண்ணாடி வேர்த்தால் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வேலை கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை தகட்டைப் பார்க்காமல் விட்டார்.

அகரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெருமாள்சாமி என்பவர் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா ஓட்டிய கார் அது. கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார்களாம். அப்பா இறந்த பிறகு இவர் தேடித் தேடி, கொடைரோட்டில் ஒரு புரோக்கரிடம் அதைக் கண்டுபிடித்து வாங்கியிருந்தார். அதே பதிவெண், எஞ்சின் பக்கத் தகட்டில் அதே சேசிஸ் எண். பட்டறைக்குள் காரை நிறுத்தியதும் பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

“நான் எப்பவும் இந்த மூலையிலதான் உக்காருவேன். அப்பா திரும்பிப் பாக்காமலே, கதவச் சாத்தியிருக்கியாடாம்பாரு” என்றார்.

வருடத் திதிக்குள் வண்டி முடிய வேண்டும் என்று கேட்டார். மட்கார்டு, கதவுகள், டிக்கி என்று எல்லாவற்றையும் பெயின்ட் உரித்துப் பார்த்தோம். அடித்தளத்தில் மட்டும் ஏற்கெனவே ஒரு கோட்டிங் இருந்தது. கெட்டியாக, ஒரே சீராக இருந்தது. “புரோக்கர் போன வருசம்தான் புதுசா அடிச்சதா சொன்னாரு. அத உரிச்சா நாளாயிருமே” என்று பெருமாள்சாமி தயங்கினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் ராயப்பண்ணன் அன்றைக்கே அதை உரிக்கச் சொல்லியிருப்பார். அன்று ஏனோ அந்தப் பின் சீட்டையே செத்த நேரம் பார்த்தபடி நின்றார். “சரி, மேல தேச்சுட்டு அடிங்க” என்று சொல்லிவிட்டார்.

அடித்தவர் காதர் பாய். எங்கள் பட்டறையில் கன் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வண்டி திதிக்கு முன்பே அகரம் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். முன் சீட்டுக்குச் சற்றுப் பின்னால், இந்தப் பக்கத்துக் கதவடியிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவடிவரை கோட்டிங் வெடித்து, நடுவில் ஒரு துண்டு நாக்கு மாதிரி தொங்கியது. மற்ற இடமெல்லாம் கல்லாக இருந்தது.

ராயப்பண்ணன் காதர் பாயைத்தான் கேட்டார். “கண்ணாடியில காத்த அடிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன் மொதலாளி.”

“தின்னர் போட்டுத் தொடச்சியா?”

“ரெண்டு தடவ.”

“அப்புறம் எப்படி உரியுது?”

காதர் பாய் கன்னைக் கீழே வைத்துவிட்டார். “என் மேல தப்புன்னு தெரிஞ்சா நானே போயிருவேன். என்னன்னு தெரியாம போக மாட்டேன்.”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு அறுந்தது. பட்டறை முழுக்க ஒருவிதமான இறுக்கம். பொருள் வாங்கி வருகிற கடையில் டப்பாவைத் திறந்து கலப்படம் செய்கிறார்களோ என்று ஒரு பேச்சு. காதர் பாய்க்கு வேறு பட்டறையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, அதனால் வேண்டுமென்றே செய்கிறார் என்று இன்னொரு பேச்சு. தொங்கிய துண்டைத் திருப்பிப் பார்த்த எனக்கு எந்தப் பேச்சும் ஒட்டவில்லை. பின்பக்கத்தில் துருவும் இல்லை, எண்ணெயும் இல்லை, குமிழும் இல்லை. பழைய கோட்டிங்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. ஓரத்தில் மட்டும் வெளிறிய, மாவு போன்ற ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. மண் என்று நினைத்தேன்.

இரண்டாவது முறை ராயப்பண்ணன் என்னை அடிக்கச் சொன்னார். மதுரையில் வேறொரு கடையிலிருந்து வேறு டப்பா வந்தது. வெடித்த கோட்டின் இருபுறமும் தேய்த்து, மெல்லிசாக ஒரு கை அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த கை அடித்தேன். காதர் பாய் வெளியே ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் செய்வது ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே செய்தேன்.

பெருமாள்சாமி வண்டியை எடுத்துக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு அம்மாவையும் தங்கை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறி இறங்கியிருக்கிறார். அடியில் மறுபடி துண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்களிடம் வண்டியை விட்டுவிட்டுப் போனார். அதே இடம். அதே கோடு. என் கோட்டிங்கும் வெடித்திருந்தது.

ராயப்பண்ணன் குழிக்குள் இறங்கி, அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, “கை மாறிருச்சு. டப்பா மாறிருச்சு. கடையும் மாறிருச்சு. இடம் மட்டும் மாறல, பாத்தியா செல்வராசு?” என்று என்னைக் கேட்டார். அப்புறம் காதர் பாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் கூப்பிட்டார்.

என்னையும் காதர் பாயையும் பின் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். அவர் டார்ச்சோடு கீழே நின்றார். “எறங்குங்க” என்று குரல் வந்தது. இறங்கினோம். “ஏறுங்க.” ஏறினோம். நாலைந்து தடவை இப்படி ஏறி இறங்கிய பிறகு என்னைக் கீழே கூப்பிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அவர் மேலே போய் உட்கார்ந்தார். அந்தக் கோடு, அவர் உட்கார்ந்தபோது வாய் திறந்தது. இறங்கியபோது மூடிக்கொண்டது.

அவருடைய காந்தத்தை வாங்கிக் கோட்டின் ஓரமாக வைத்தேன். ஒட்டாமல் என் மார்பில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், கப்பென்று பிடித்தது. அடித்தகட்டின் குறுக்கே, இந்த ஓரம் தொட்டு அந்த ஓரம்வரை, கை அகலத்துக்கு இரும்பே இல்லாத மாதிரி இருந்தது. கோட்டிங்கைச் சூடு காட்டிச் சுரண்டினோம். கீழே பட்டி. கெட்டியாக, விரல் கனத்துக்குப் பட்டி. மாவு என்று நான் நினைத்தது அதன் தூள்தான். பட்டியைப் பெயர்த்ததும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தையல் விட்டுப்போன சட்டை மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெல்டிங் பொட்டுகள். முன்பக்கத் தகட்டில் அடியில் இருந்த பெயின்ட் வெள்ளை. பின்பக்கத் தகட்டில் இளம்பச்சை. மேலே ஒட்டுகளையெல்லாம் ராவி, தகடுவரை சுரண்டி வெள்ளை அடித்தவர்கள், அடியில் மட்டும் பழைய நிறத்தை விட்டுவிட்டார்கள்.

அம்பாசிடருக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. இந்தத் தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடும்தான் அதன் முதுகெலும்பு. யாரோ இரண்டு கார்களைக் குறுக்கே அறுத்து, ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டி, அதன்மேல் கறுப்பைப் பூசியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பின் மேல்தான் நாங்களும் பூசியிருக்கிறோம்.

பெருமாள்சாமிக்குப் போன் செய்தோம். வந்தார். குழிக்குள் குனிந்து பார்த்தார். முகம் செத்துப்போனது. நிமிர்ந்ததும் அவர் பார்த்தது எங்களை அல்ல, பட்டறையின் பின்பக்கத்தை. அங்கே வேலிக்கருவை ஓரம், சாமான் கழற்றுவதற்காக வாங்கிப்போட்ட ஒரு அம்பாசிடர் கூடு கிடந்தது. அதற்குப் பின்பாதி இல்லை.

“இத இங்கேயே பண்ணிட்டீங்க” என்றார், மெதுவாக. பிறகு சத்தமாக: “எத்தன மாசம் உங்ககிட்ட கெடந்துச்சு! எங்கப்பா வண்டிய அறுத்து நல்ல பாதிய எடுத்துக்கிட்டு, எவன் வண்டியையோ ஒட்டிக் குடுத்துட்டீங்கள்ல?”

காதர் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராயப்பண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

எனக்கும் சந்தேகம் தட்டியது. அந்தக் கார் முதல் தடவை எங்களிடம் இருந்தபோது, நடுவில் சில வாரம் என் மகளின் பிரசவத்துக்காக நத்தம் போயிருந்தேன். நான் இல்லாத நாட்களில் இங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பின்பாதி இல்லாத அந்தக் கூட்டை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அதன் பின்பாதி எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எதையும் உரித்துப் பார்க்காமல் விடாத மனிதர், இதை மட்டும் ஏன் உரிக்க வேண்டாம் என்றார்?

தலையைத் தூக்கியபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயும் என்னையத்தான் நெனைக்கிற” என்றார். கோபம் இல்லை. நான் அப்படி நினைப்பதே முறை என்பது போலச் சொன்னார்.

பிறகு பெருமாள்சாமியிடம் திரும்பினார். “நான் என்ன சொன்னாலும் நீங்க நம்ப வேணாம். நானா இருந்தா நம்ப மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு, எனக்குத் தெரியாத ஆளு, ஒருத்தனக் கூட்டியாங்க. அதுவரைக்கும் இந்தக் கொட்டகைக்கு நீங்களே ஒரு பூட்டு வாங்கிப் போடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க எத்தனை தூரம் போக வேண்டும்? எதிர்ச்சாரியிலேயே வாங்கி வந்து மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சின்னாளப்பட்டியிலிருந்து தங்கவேல் என்ற வெல்டரோடு வந்தார். தோப்பு மோட்டார் வேலைகளையெல்லாம் அவருக்குப் பார்ப்பவர். தங்கவேல் எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. எங்கள் கிரைண்டரைத் தொடாமல் தன்னுடையதையே கொண்டுவந்திருந்தார். கதவடிப் பெட்டித் தகட்டில் எந்தப் பக்கம் திறக்கட்டும் என்று பெருமாள்சாமியையே கேட்டு, அவர் கைகாட்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டினார். பிரஷ்ஷும் கன்னும் போகவே முடியாத உள்பக்கம் அது. ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரலை விட்டு எதையோ பெயர்த்து எடுத்து, பெருமாள்சாமியின் கையில் வைத்தார். அடுக்கடுக்காக, கருவேலம்பட்டை மாதிரி பெயர்ந்த துரு. அதோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோன குளவிக்கூட்டின் மண்.

“அண்ணே, வெல்டோட உள்பக்கம் இது” என்றார். “இவங்க இப்ப வச்சிருந்தா உள்ள நீலம் பாரிச்சு பளபளன்னு இருக்கும். இது எத்தனையோ மழையப் பாத்த துரு. துருப் பிடிச்சு, அதுக்கு மேல குளவி வந்து கட்டி, அதுவும் பறந்து போயிருச்சு. இவங்க வேல இல்ல.”

பெருமாள்சாமி அந்தத் துருவை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“போன ஞாயித்துக்கெழம இதுலயா மல ஏறுனீங்க?” என்று தங்கவேல் கேட்டார். “ஆத்தாவும் புள்ளைகளும் பின்னாடியா இருந்தாக?”

பெருமாள்சாமி அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பமும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். காதர் பாய்தான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். “அப்ப என் கையச் சந்தேகப்பட்டீகளே மொதலாளி?”

“இனிமேலும் படுவேன்” என்றார் ராயப்பண்ணன். “ஆனா இதுல நீ இல்ல. நான்தான். உரிக்காம அடிக்கச் சொன்னது நான்.” காதர் பாய்க்கு அது போதுமானதாக இருந்தது. அவர் வேறு பட்டறைக்குப் போகவில்லை.

கொடைரோட்டுப் புரோக்கரைப் போய்ப் பார்த்தார்கள். வாங்கினபடியே விற்றேன் என்று அவர் கையை விரித்தார். அவருக்கு விற்றவர் ஊரிலேயே இல்லை. அறுத்தவன் யார், எந்தப் பட்டறை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இளம்பச்சைக் காரின் முன்பாதிக்கு என்ன ஆனது, அதில் யார் இருந்தார்கள் என்பதும் தெரியாது. அதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

சில நாள் கழித்துப் பெருமாள்சாமி வந்தார். நேராகக் காரிடம் போனார். வழக்கம்போலப் பின் கதவின் பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்து வளர்ந்த மூலை அதுவல்ல, வேறு யாரோ உட்கார்ந்த மூலை. முன்னால் வந்து ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பக்கம் அவரோடதுதான?” என்று கேட்டார்.

“நம்பர் அதுதான் சொல்லுது” என்றார் ராயப்பண்ணன். பெருமாள்சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “டேஷ்போர்டக் கழட்டி உள்ளயும் பாத்துட்டேன். எல்லாம் ஒரே வெள்ளப் பெயின்ட்டு. அவரோடதுதான்” என்று சேர்த்துக்கொண்டார். நாங்கள் யாரும் அவரிடம் கேட்காமலே அவர் பார்த்து வைத்திருந்தார்.

“அப்ப நல்லாச் சேத்துக் குடுங்க. எம்புட்டு ஆனாலும் பரவால்ல.”

“மாட்டேன்.”

“தங்கவேல வச்சுப் பண்ணிக்கிறேன்.”

“பண்ணுங்க. உங்க கையில இருக்கிறவரைக்கும் தோப்புக்குள்ள ஓட்டுவீங்க. உங்களுக்கு அப்புறம் ஒருத்தன் வாங்குவான். மேல கறுப்பு அடிச்சிருக்கும். கீழ என்னன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?”

பெருமாள்சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, அறுத்துவிடச் சொன்னார். அந்தக் கோட்டிலேயே அறுத்தோம். கிரைண்டருக்கு வேலையே இருக்கவில்லை, பாதி பொட்டுகள் கடப்பாரை நெம்பலுக்கே விட்டுக்கொடுத்தன. பின்பாதியை ராயப்பண்ணன் எங்கள் கண்ணெதிரிலேயே துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். கழற்றிப்போட்ட கதவைக்கூட முழுதாக விடவில்லை.

முன்பாதியை ஏற்ற அகரத்திலிருந்து டிராக்டர் டிரெய்லர் வந்தது. கயிறு போட்டுக் கட்டினோம். வட்ட விளக்குகள் முன்னால் பார்க்க, டிரெய்லர் மேல் பாதிக் கார் தாடிக்கொம்பு சாலைக்குப் போகத் திரும்பியது. பெருமாள்சாமி டிராக்டரில் ஏறவில்லை. காருக்குள், அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தியிருந்தார்.

அது கண்ணை விட்டு மறைவதற்குள் ராயப்பண்ணன் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். எங்கே என்று கேட்டேன். டிரெய்லர் போன வழியே போனார்.

நாங்கள் சாமான்களை அடுக்கி, கைகழுவிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். சட்டையெல்லாம் புழுதி.

“தங்கவேலுகிட்டப் போகல. தோப்புலதான் எறக்குனாரு” என்றார். “பம்ப் செட்டுக்குப் பக்கத்துல. ரெண்டு வீலையும் கழட்டி நான் பாக்கத் தண்ணித் தொட்டியில போட வச்சுட்டு வாரேன்.”